ஊமத்தைக் கஷாயம் முதல் நிணநீர்க் கணு வரை: ஜப்பானிய அறுவை மருத்துவம் வளர்ந்த கதை

ஓர் உடலைக் கத்தியால் திறந்து, நோயை எடுத்துவிட்டு, ஆளை உயிரோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றால் மருத்துவருக்கு நான்கு விஷயங்கள் கைவசம் இருக்க வேண்டும். உள்ளே எது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். வலி தெரியாமல் செய்ய வேண்டும். ரத்தத்தை நிறுத்த வேண்டும். புண் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நவீன அறுவை சிகிச்சை என்பது இந்த நான்கும் ஒரே மேசையில் வந்து சேர்ந்ததுதான்.

மேலை நாடுகளில் முதலில் உடற்கூறு தெளிவானது, பிறகு ரத்தக் குழாயை நூலால் கட்டும் முறை பரவியது, 1846-இல் ஈதர் வந்தது, 1867-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் லிஸ்டரின் கிருமிநாசினி முறை வந்தது. ஜப்பானில் வரிசை வேறு. அங்கே வலிக்கான விடை 1804-லேயே கிடைத்துவிட்டது. பாஸ்டனில் ஈதர் கொடுத்து அறுவை செய்து காட்டுவதற்கு 42 ஆண்டுகள் முன்பு, ஒரு ஜப்பானியக் கிராமத்தில் முழு மயக்கத்தில் மார்பகக் கட்டியை வெட்டி எடுத்தார்கள். அப்படியானால் உலகம் ஏன் ஜப்பானிடமிருந்து மயக்க மருந்தைக் கற்றுக்கொள்ளவில்லை? ஜப்பானே ஏன் பின்னால் வெளிநாட்டாரிடம் போய்க் கற்க வேண்டி வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், மரபு எங்கே கைகொடுத்தது, எங்கே கையைக் கட்டிப்போட்டது என்பது விளங்கும்.

கண்ணால் பார்த்ததை நம்பியவர்கள்

எடோ காலத்தில் (1603–1868) ஜப்பானிய மருத்துவத்தின் அடித்தளம் சீன மருத்துவம். அதில் உள்நோய்களுக்குக் கஷாயம் கொடுப்பவருக்கே மதிப்பு. கட்டி, புண், வெட்டுக்காயம், எலும்பு முறிவு பார்ப்பவர்கள் ஒரு படி கீழே. அந்தக் கீழ்ப்படியில்தான் வெளிநாட்டுச் சரக்கு முதலில் நுழைந்தது. 1557-இல் போர்த்துகீசியரான லூயிஸ் தெ அல்மெய்தா, இன்றைய ஓயிதா நகரான ஃபுனாயில் மருத்துவமனை தொடங்கினார். 1649-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் காஸ்பர் ஷாம்பெர்கர் ஜப்பானுக்கு வந்து, சில காலம் இன்றைய டோக்கியோவான எடோவில் தங்கி வைத்தியம் பார்த்தார். அவரிடம் பார்த்ததையும் கேட்டதையும் எழுதி வைத்துக்கொண்டவர்களால் ‘காஸ்பர் வழி’ என்ற ஒரு பரம்பரையே உருவானது. பெரும்பாலும் களிம்பு, எண்ணெய், புண் கட்டும் முறைகள். இவை கையெழுத்துப் படிகளாகக் குடும்பத்துக்குள்ளும் குருகுலத்துக்குள்ளும் கைமாறின.

உடற்கூறு விஷயத்தில் பெரும்பாலான கட்டுரைகள் 1771-இல் தொடங்கும். அந்த ஆண்டு எடோவின் கொஸுகப்பாரா கொலைக்களத்தில், தண்டிக்கப்பட்ட ஒரு பெண்ணின் உடல் அறுக்கப்படுவதைச் சுகிதா கென்பாகு, மயேனோ ரியோதாகு முதலியோர் டச்சு உடற்கூறு நூலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். படமும் உடலும் அச்சாகப் பொருந்தின. சீன நூல்களின் படங்கள் பொருந்தவில்லை. அந்த டச்சு நூலை மொழிபெயர்த்து 1774-இல் ‘கைடாய் ஷின்ஷோ’ என்று வெளியிட்டார்கள்.

ஆனால் அதற்கு 17 ஆண்டுகள் முன்பே, 1754-இல், கியோட்டோவில் அரசு அனுமதியோடு உடலறுப்பைப் பார்த்துக் குறிப்பெடுத்தவர் யமவாகி தோயோ. அவர் மேலை மருத்துவர் அல்ல. ‘பழைய மருந்துமுறை’ என்ற சீன வழிப் பள்ளியைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் சேர்ந்த தத்துவச் சுமைகளை உதறிவிட்டுப் பண்டைய நூலின் மருந்தையும் நோயாளியின் உடலையும் மட்டும் பார் என்பது அந்தப் பள்ளியின் கொள்கை. பழமைக்குத் திரும்பச் சொன்னவர்களே உடலைத் திறந்து பார்க்கத் துணிந்தார்கள். ஜப்பானிய அறுவை மருத்துவத்தைப் புரிந்துகொள்ள இந்த இடம் மிக முக்கியம் என்று நினைக்கிறோம். இதைத் தாண்டிக் குதித்துவிட்டு ‘டச்சுக்காரர் வந்தார், அறிவியல் வந்தது’ என்று எழுதினால் அடுத்து வரும் ஆள் எங்கிருந்து முளைத்தார் என்றே தெரியாது.

ஹனாவோகா செய்ஷூவின் கஷாயம்

அந்த ஆள் ஹனாவோகா செய்ஷூ (1760–1835). இன்றைய வகயாமா மாநிலத்தில் உள்ள ஹிரயாமா என்ற கிராமத்து மருத்துவர் குடும்பம். 22 வயதில் கியோட்டோ போய், பழைய மருந்துமுறையை யோஷிமாசு நங்காயிடமும், காஸ்பர் வழி அறுவையை யமாதோ கென்ரியூவிடமும் படித்துவிட்டு 1785-இல் ஊர் திரும்பினார். உள்மருத்துவமும் புறமருத்துவமும் ஒன்றே என்பது அவர் பின்னால் மாணவர்களுக்குச் சொன்ன கொள்கை.

அவர் காலத்தில் எலும்பு கட்டும் வைத்தியர்கள் சிலர், ஊமத்தை சேர்ந்த மருந்தைக் கொடுத்து நோயாளியை மந்தமாக்கிவிட்டு எலும்பைப் பொருத்துவார்கள். ஹனாவோகா இதிலிருந்துதான் தொடங்கினார். பல ஆண்டுகள் விலங்குகளிலும் பிறகு மனிதரிலும் அளவை மாற்றி மாற்றிச் சோதித்து, ‘ட்சூசென்சான்’ என்ற கலவைக்கு வந்தார். பரவலாகக் குறிக்கப்படும் விகிதம்: ஊமத்தை 8 பங்கு, ஒரு வகை வச்சநாவிக் கிழங்கு 2 பங்கு, ஏஞ்சலிக்கா இனத்து வேர்கள் இரண்டு, தலைக்கு 2 பங்கு, செங்க்யூ என்னும் கிழங்கு 2 பங்கு, சேம்புக் குடும்பத்து அரிசீமாக் கிழங்கு வறுத்தது 1 பங்கு. இவற்றை இடித்து, நீரில் கொதிக்க வைத்து, சக்கையை நீக்கி, சூடாகவே குடிக்கக் கொடுப்பார்கள். 2 முதல் 4 மணி நேரத்தில் நோயாளி நினைவிழப்பார். அளவைப் பொறுத்து மயக்கம் 6 மணி முதல் 24 மணி நேரம் வரை நீடிக்கும்.

இது எப்படி வேலை செய்கிறது? பெரும்பங்கு வேலை ஊமத்தையினுடையது. அதில் ஸ்கோபோலமைன், ஹையோசயமைன், அட்ரோபின் ஆகிய ஆல்கலாய்டுகள் உண்டு. நரம்புச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் போய் உட்கார வேண்டிய இடத்தை இவை அடைத்துக்கொள்கின்றன. மூளையில் இது நடந்தால் உறக்கம், குழப்பம், நினைவின்மை. உடலில் நடந்தால் வாய் உலர்தல், கண்மணி விரிதல், நாடி படபடவென்று ஓடுதல், சிறுநீர் அடைத்தல். வச்சநாவியில் உள்ள அக்கோனிட்டின், நரம்புச் செல்லின் சோடியம் வாயிலை மூடவிடாமல் திறந்தே வைக்கும். முதலில் சுரீரென்று குத்தி, பிறகு மரத்துப்போகும். அதே வேலையை இதயத் தசையிலும் செய்வதால் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். கொதிக்க வைக்கும்போது அக்கோனிட்டினின் ஒரு பகுதி உடைந்து நஞ்சு குறைந்த பொருள்களாக மாறும். ஆகவே கொதிக்கும் நேரம் குறைந்தால் அதே எடை மருந்து பல மடங்கு ஆபத்தாகிவிடும்.

சிக்கல் இங்கேதான். ஊமத்தையின் வீரியம் செடிக்குச் செடி, மண்ணுக்கு மண், இலைக்கும் பூவுக்கும் விதைக்கும் மாறும். மருந்து வாய்வழி போகிறது. அதுவே குடலின் அசைவை மந்தமாக்குவதால் உடலில் ஏறும் வேகத்தைக் கணிக்க முடியாது. குடித்த பிறகு திரும்ப எடுக்க வழியில்லை. மூச்சு நின்றால் தாங்கிப்பிடிக்கச் செயற்கைச் சுவாசக் கருவியும் அன்று கிடையாது. நம் ஊரில் ஊமத்தை விதையை அரைத்துக் கொடுத்து வழிப்பறி செய்த வழக்குகளைக் கேட்டவர்களுக்கு, அதை அளந்து கொடுத்து ஆளை எழுப்பிவிடுவது எத்தனை பெரிய வேலை என்று புரியும். இதை எவரும் எந்த அளவிலும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

சோதனைக்கு ஹனாவோகாவின் தாய் ஒட்சுகியும் மனைவி கயேயும் தங்களையே கொடுத்தார்கள் என்றும், தாய் இறந்தார், மனைவி பார்வை இழந்தார் என்றும் சொல்லப்படுகிறது. கண்மணியை விரிக்கும் மருந்து, சிலருக்குக் கண்ணின் உள்ளழுத்தத்தை உயர்த்திப் பார்வை நரம்பைக் கெடுக்கக்கூடியது என்பதால், மருத்துவ ரீதியாக இது நடக்கக்கூடியதே. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இத்தகைய சோதனைக்கு ஒப்புதல் தராது. அந்த இரு பெண்களின் பெயரும் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டியவை.

1804 அக்டோபர் 13

அன்று அறுவைக்குப் படுத்தவர் யமாதோ நாட்டு கோஜோ ஊரைச் சேர்ந்த 60 வயதுப் பெண், பெயர் கான். இடது மார்பில் புற்று. குடும்பத்தில் சகோதரிகளும் இதே நோயால் இறந்திருந்தார்கள். அவருக்கு பெரிபெரி என்னும் வைட்டமின் பி1 குறைபாட்டு நோயும் மூச்சிரைப்பும் இருந்ததால் முதலில் அவற்றுக்கு மருந்து கொடுத்துத் தேற்றினார் ஹனாவோகா. மயக்கத்துக்கு முன் இதயத்தையும் நுரையீரலையும் சரிபார்க்கும் இன்றைய வழக்கத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். உள்மருத்துவம் தெரிந்த அறுவை மருத்துவர் என்பதன் பலன் இது.

அன்றைக்கு இன்னொரு தடையும் இருந்தது. மார்பு பெண்ணின் உயிர்நிலை, அதை வெட்டினால் இறந்துவிடுவாள் என்ற நம்பிக்கை. டச்சுக்காரர்கள் மார்புப் புற்றை வெட்டி எடுக்கிறார்கள் என்ற செய்தி நகதோமி தோகுஷோவான் என்ற மருத்துவரின் குறிப்பு வழியாக அவருக்குத் தெரியும். அதோடு, மாடு கொம்பால் முட்டி மார்பு கிழிந்த ஒரு பெண்ணுக்கு அவரே தையல் போட்டுப் பிழைக்க வைத்திருந்தார். உயிர்நிலை என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்தது. தூரத்து நூல் ஒரு வாய்ப்பைச் சொன்னது. கையருகே வந்த நோயாளி அதை உறுதிப்படுத்தினார்.

அவர் மார்பு முழுவதையும் எடுக்கவில்லை. தோலைக் கீறி, சுற்றியுள்ள திசுவிலிருந்து கட்டியைப் பிரித்து வெளியே எடுத்தார். கான் உயிரோடு ஊர் திரும்பினார். ஆனால் நான்கு மாதத்துக்குச் சற்று மேல், 1805 பிப்ரவரியில் இறந்தார். காரணத்தை இன்று ஊகிப்பது கடினமல்ல. புற்று செல்கள் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்கள் என்னும் சிறு வடிகட்டி முடிச்சுகளுக்கும் அதைத் தாண்டியும் போயிருந்தால், கட்டியை மட்டும் எடுப்பது போதாது. ‘கட்டி எங்கே இருக்கிறது’ என்பதுதான் அன்றைய கேள்வி. ‘அது எந்த வழியாகப் பரவும்’ என்பது கேள்வியாக மாற இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

ஹனாவோகாவின் பெருமையாக நாங்கள் முதலில் சொல்வது மயக்க மருந்தை அல்ல, அவர் வைத்திருந்த பதிவேட்டை. மார்புப் புற்றுக்காக வந்தவர்களின் பெயர்ப் பட்டியலில் 156 பேர் உண்டு. மாணவர்கள் நோயாளிகளின் கட்டிகளையும் புண்களையும் வண்ணப் படங்களாக வரைந்தார்கள். இறந்த தேதிகளைக் கோயில் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பின்னாளைய ஆய்வாளர்கள் பார்த்தபோது, அறுவைக்குப் பின் சிலர் சில நாளில் இறந்ததும், சிலர் பல்லாண்டு வாழ்ந்ததும் தெரியவந்தது. பட்டியல் இல்லாவிட்டால் இந்தக் கணக்கே இல்லை.

ஊதாக் களிம்பு: கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய மரபு

ட்சூசென்சான் மறைந்துவிட்டது. ஆனால் ஹனாவோகாவின் ஒரு களிம்பு இன்றும் ஜப்பானிய மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. பெயர் ஷியுன்கோ. சீனாவின் மிங் காலத்து அறுவை நூல் ஒன்றில் இருந்த ‘தோலை நனைக்கும் களிம்பு’ முறையை எடுத்து, அதில் பன்றிக் கொழுப்பைச் சேர்த்து மாற்றியமைத்தது. தீக்காயம், வெடிப்பு, மூலம், படுக்கைப்புண் போன்றவற்றுக்குப் பூசுவார்கள்.

செய்முறை எளிது, ஆனால் சூடு தவறினால் கெட்டுவிடும். 1 லிட்டர் அளவு நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய 300 முதல் 400 கிராம் தேன்மெழுகு, 20 முதல் 30 கிராம் பன்றிக் கொழுப்பு, 60 முதல் 100 கிராம் தோகி வேர், 100 முதல் 120 கிராம் ஷிகோன் வேர். முதலில் எண்ணெயைக் காய்ச்சி மெழுகையும் கொழுப்பையும் உருக்க வேண்டும். தோகி வேரைப் போட்டு, அது பொரிந்து நிறம் மாறியதும் எடுத்துவிட வேண்டும். கடைசியில்தான் ஷிகோன், சுமார் 140 டிகிரியில் போட்டதும் எண்ணெய் பளிச்சென்று செவ்வூதாவாக மாறும். மாறிய உடனே இறக்கி, சூட்டோடு வடிகட்ட வேண்டும். சூடு போதாவிட்டால் நிறம் இறங்காது; அதிகமானாலோ நேரம் நீண்டாலோ ஷிகோனின் என்ற நிறப்பொருள் சிதைந்து களிம்பு கறுத்துப் பழுப்பாகிவிடும். நிறம்தான் தரத்தின் அடையாளம். வெயில் காலத்தில் உருகாமல் இருக்க மெழுகைச் சற்றுக் கூட்டுவார்கள், குளிரில் குறைப்பார்கள்.

பூட்டு

ஹிரயாமாவில் ஷுன்ரின்கென் என்ற பெயரில் அவர் நடத்திய குருகுலத்துக்கு ஜப்பான் முழுவதிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். பெயர்ப்பதிவில் ஆயிரத்துக்கும் மேல். ஒசாகாவில் கஸ்ஸுய்தோ என்ற கிளையை அவர் தம்பி நடத்தினார். சேரும்போது ஒவ்வொருவரும் உறுதிமொழி கொடுக்க வேண்டும்: இங்கே கற்ற ரகசியத்தைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்லமாட்டேன். ஹனாவோகா தம் முறைகளை அச்சில் கொண்டுவரவே இல்லை. இருப்பவையெல்லாம் மாணவர்கள் கேட்டு எழுதிய கையெழுத்துப் படிகள்.

மிதோவைச் சேர்ந்த ஹொம்மா சோகென் என்ற மாணவர் 1837-இல் தாம் கற்றவற்றை நூலாக அச்சிட்டார். விளைவு, குருகுலத்திலிருந்து விலக்கப்பட்டார். இதே ஹொம்மாதான் 1857-இல் அழுகிய காலை, மயக்கம் கொடுத்துத் தொடைப்பகுதியில் துண்டித்தார். வழியை விட்டு விலகியவர் அதே வழியை இன்னும் தூரம் கொண்டுபோனார்.

ரகசியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நஞ்சுக் கலவையை அரைகுறையாகக் கற்றவர் கையில் கொடுக்கக் கூடாது என்பதில் நியாயமும் இருந்தது. நாடு வெளியுலகுக்குக் கிட்டத்தட்ட மூடியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஈதருக்கும் குளோரோஃபார்முக்கும் ஒரு தொழில்நுட்ப மேன்மை உண்டு. அவை மூச்சுவழி ஏறி, மூச்சுவழியே இறங்குபவை. குழாயைத் திருகித் தண்ணீரைக் கூட்டிக் குறைப்பதுபோல், முகத்துணியில் விடும் சொட்டுகளைக் கூட்டியும் குறைத்தும் மயக்கத்தின் ஆழத்தை நிமிடத்துக்கு நிமிடம் மாற்றலாம். கஷாயத்தில் அது நடக்காது. காலையில் கொடுத்துவிட்டு மதியம்வரை காத்திருக்க வேண்டும். போர்க்களக் காயத்துக்கு எப்படிக் காத்திருப்பது? ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாஸ்டன் செய்தி சில மாதங்களில் ஐரோப்பா எங்கும் பரவியது, ஒவ்வொரு நகரிலும் ஒருவர் அதைத் திருத்தினார். ஹனாவோகாவின் முறையைத் திருத்த வெளியே ஒருவரும் இல்லை.

சகுராவும் நாகசாகியும்

இடைக்காலத்தை வேகமாகக் கடப்போம். 1838-இல் எடோவில் மேலை மருத்துவப் பள்ளி தொடங்கிய சதோ தாய்சென், 1843-இல் சகுரா என்ற ஊருக்கு மாறி ஜுந்தெந்தோ என்ற பெயரில் அறுவை மருத்துவத்துக்குப் பேர்பெற்ற மருத்துவமனையை நடத்தினார். எந்த அறுவைக்கு என்ன கட்டணம் என்று 1854-இலேயே பட்டியல் போட்டிருந்தார்கள். தாய்சென் மயக்க மருந்தைத் தெரிந்தும் ஆபத்து என்று ஒதுக்கி, நோயாளி விழித்திருக்கவே வெட்டினார். வெறும் அறியாமை என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். கட்டுப்படுத்த முடியாத மருந்தைவிட வேகமான கையை அவர் நம்பினார்.

1857-இல் டச்சுக் கடற்படை மருத்துவர் பொம்பே நாகசாகியில் பாடம் தொடங்கினார்: முதலில் இயற்பியல், வேதியியல், பிறகு உடற்கூறு, உடலியங்கியல், கடைசியில்தான் சிகிச்சை. குருவின் கையைப் பார்த்துக் கற்பதற்குப் பதிலாக, அடிப்படையிலிருந்து வரிசையாகக் கற்கும் பாடத்திட்டம். 1861-இல் அங்கே 124 படுக்கை கொண்ட மருத்துவமனை திறந்தது. அதே ஆண்டு எடோவில் இதோ கென்போகு குளோரோஃபார்ம் கொடுத்துக் கால் துண்டிப்பு செய்தார். 1868 போஷின் உள்நாட்டுப் போரில் பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் வில்லிஸ் காயம்பட்டவர்களுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்து அறுவை செய்தது, அதுவரை சந்தேகித்தவர்களின் கண்ணையும் திறந்தது.

1869-இல் புதிய மெய்ஜி அரசு ஜெர்மன் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தது. 1871-இல் ஜெர்மன் மருத்துவர்கள் ம்யூலரும் ஹோஃப்மனும் டோக்கியோ வந்தார்கள். அடுத்து வந்த ஷுல்ட்சே லிஸ்டர் முறையைக் கொண்டுவந்தார். அந்த நான்காவது விஷயம், சீழ் பிடிக்காமல் காப்பது, இப்போதுதான் ஜப்பானுக்கு வந்து சேர்கிறது. கார்பாலிக் அமிலக் கரைசலில் கருவியையும் கையையும் நனைத்து, புண்ணை அதில் நனைத்த துணியால் மூடுவது. ஹனாவோகா வழியினர் புண்ணை ஷோச்சூ என்ற வடிசாராயத்தால் கழுவினார்கள். பலன் இருந்திருக்கும், ஆனால் புண்ணுக்கு வெளியே கையும் கருவியும் நூலும் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற கோட்பாடு அதில் இல்லை. கிருமி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் எதையெல்லாம் கழுவ வேண்டும் என்று தெரியும். இது இல்லாமல் வயிற்றைத் திறக்கவே முடியாது. 1881-இல் வியன்னாவில் பில்ரோத் இரைப்பைப் புற்றை வெட்டி எடுத்து வெற்றி பெற்றார்; 1897-இல் டோக்கியோவில் கொந்தோ ட்சுகிஷிகே அதைச் செய்தார்.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. மருத்துவ உரிமத் தேர்வு முழுக்க மேலை மருத்துவத்தில் நடந்தது. காம்போ எனப்படும் பாரம்பரிய மருத்துவர்களுக்குத் தனி உரிமம் கேட்ட மசோதா 1895-இல் நாடாளுமன்றத்தில் தோற்றது. யமவாகியையும் ஹனாவோகாவையும் தந்த பள்ளி சட்டப்படி வாரிசற்றுப் போனது.

புதுமையே பூட்டாக மாறியபோது

ஜெர்மன் வழியில் அறுவைப் பேராசிரியரே எல்லாம். மயக்கம் கொடுப்பது இளைய உதவியாளரின் வேலை, இல்லாவிட்டால் அறுவை மருத்துவரே முதுகுத்தண்டிலோ தோலிலோ ஊசி போட்டுவிட்டு வெட்டத் தொடங்குவார். இது அரை நூற்றாண்டுக்கு மேல் அசைக்க முடியாத வழக்கமாக நின்றது. நெஞ்சறையைத் திறந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். மூச்சுக்குழாயில் குழாய் இறக்கி அழுத்தத்தோடு காற்றுக் கொடுக்க வேண்டும். அதற்கு மயக்கவியல் தனித் துறையாக வேண்டும். 1950-இல் அமெரிக்க மருத்துவர் மேயர் சாக்லட் ஜப்பானில் நடத்திய விரிவுரைகள்தான் இதைத் தொடங்கிவைத்தன. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தனித் துறை 1952-இல் வந்தது, தேசியச் சங்கம் 1954-இல். உலகின் முதல் முழு மயக்க அறுவைக்கு ஆதாரப் பதிவு வைத்திருக்கும் நாட்டில், மயக்கவியல் தனித் துறையாக அதற்கு 148 ஆண்டுகள் பிடித்தன. அந்தச் சங்கத்தின் சின்னத்தில் இருப்பது ஊமத்தைப் பூ.

இரைப்பையும் எண் போட்ட கணுக்களும்

பூட்டு முழுமையாகத் திறந்த இடம் இரைப்பைப் புற்று. ஜப்பானில் அது மிக அதிகம். 1950-இல் இரைப்பைக்குள் இறக்கும் கேமரா உருவானது. 1962-இல் நாடு தழுவிய ஆய்வுக் குழு ஒன்று கூடி, எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரி பதிவு செய்ய விதிமுறை வகுத்தது. இரைப்பையைச் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக் குழுக்களுக்கு எண் கொடுத்தார்கள்: 1 முதல் 6 வரை இரைப்பையை ஒட்டியவை, 7 முதல் அதற்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளின் ஓரம் இருப்பவை, 16 வயிற்றுப் பெருந்தமனியை ஒட்டியவை. இரைப்பையை ஒட்டியவற்றை மட்டும் எடுத்தால் டி1. தமனிகளின் ஓரத்தில் இருப்பவற்றையும் துடைத்தெடுத்தால் டி2.

எண் போடுவதோடு வேலை முடியவில்லை. அறுவை முடிந்ததும் இரைப்பையை அப்படியே நோயியல் கூடத்துக்கு அனுப்பிவிடாமல், அறுவை மருத்துவரே பக்க மேசையில் வைத்து, பச்சையாக இருக்கும்போதே கொழுப்பைப் பிரித்து, ஒவ்வொரு கணுவையும் விரலால் தடவிக் கண்டெடுத்து, எண்வாரியாகத் தனித்தனியே போட்டு அனுப்புவார். தாம் எங்கே எதை விட்டுவிட்டோம் என்பது அங்கேயே தெரிந்துவிடும். கணுக்கள் அதிகம் கிடைப்பதால் நோயின் நிலையும் துல்லியமாகத் தெரியும். ஹனாவோகாவின் பெயர்ப் பட்டியலுக்கு இது பேரன் முறை என்று தாராளமாகச் சொல்லலாம்; ஆனால் இந்த ஏடு எல்லோருக்கும் திறந்தது.

1989-இல் நெதர்லாந்தில் டி1-ஐயும் டி2-ஐயும் ஒப்பிடும் சோதனை தொடங்கியபோது, டச்சு மருத்துவர்களுக்கு டி2 சொல்லித்தர டோக்கியோவிலிருந்து சசாகோ மித்சுரு போனார். முதல் முடிவு அதிர்ச்சி: மருத்துவமனை மரணம் டி1-இல் 4 சதவீதம், டி2-இல் 10 சதவீதம். கணுக்களை எடுத்தது இதற்குப் பெரிய காரணமல்ல. அன்றைய டி2-வில் மண்ணீரலையும் கணைய வாலையும் சேர்த்து எடுப்பதுண்டு. கணையச் சாறு கசிந்து சீழ்க்கட்டி உண்டானது. ஆண்டுக்கு மிகச் சில நோயாளிகளையே பார்த்த மருத்துவமனைகளில் அதைச் சமாளிக்கும் பழக்கமும் குறைவு. 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இரைப்பைப் புற்றால் இறந்தவர்கள் டி1 குழுவில் 48 சதவீதம், டி2 குழுவில் 37 சதவீதம். கணையத்தை விட்டுவைத்துச் செய்யும் டி2 இன்று பல நாடுகளில் பரிந்துரை.

ஜப்பானியர் தங்கள் வழக்கத்தையும் சோதனைக்கு உட்படுத்தினார்கள். டி2-வோடு 16-ஆம் எண் கணுக்களையும் எடுத்தால் நல்லது என்று பல பெரிய மருத்துவமனைகள் நம்பிச் செய்துவந்தன. 523 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த சோதனையின் முடிவு 2008-இல் வெளிவந்தது. ஐந்தாண்டு உயிர்வாழ்வு டி2-வில் 69.2 சதவீதம், கூடுதலாக எடுத்தவர்களில் 70.3 சதவீதம், பயன் இல்லை. தடுப்புக்காக 16-ஆம் எண் கணுக்களை எடுப்பது கைவிடப்பட்டது. அடுத்து மண்ணீரல். மேல் இரைப்பைப் புற்றுள்ள 505 பேரில் நடந்த சோதனை 2017-இல் வெளியானது: மண்ணீரலை எடுத்தாலும் விட்டாலும் ஆயுள் ஒன்றே, எடுத்தால் சிக்கல்கள் 30.3 சதவீதம், விட்டால் 16.7. ஆகவே இப்போது இரைப்பையின் பெருவளைவை, அதாவது அதன் நீண்ட வெளி விளிம்பை, தொடாத புற்றுக்கு மண்ணீரலை விட்டுவிடுகிறார்கள். பெருவளைவைத் தொட்ட புற்று அந்தச் சோதனையில் சேர்க்கப்படவில்லை என்பதால், அத்தகைய நோயாளிகள் விஷயத்தில் மருத்துவர்கள் இன்னும் நோயாளிக்கு நோயாளி பார்த்தே முடிவெடுக்கிறார்கள்.